கால் சொன்ன சூடு

குழந்தையைக் குளிப்பாட்டும் உரிமை எனக்கில்லை என்பது மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே முடிவாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசவில்லை. கணவரின் மூத்த அக்கா குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"நீ போய்ப் படு. வயித்தைக் கிழிச்சுப் பெத்தவளுக்கு இங்க என்னா வேலை?" என்றார்.

அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கெப்பாலா பத்தாஸில் அவருடைய கணவர் இறந்த பிறகு, ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து தங்கிவிட்டார். என் கணவருக்குச் சிறுவயதிலேயே தாய் தவறிவிட்டதால் அவரை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அண்ணிதான். அதை அவர் அடிக்கடி சொல்லமாட்டார். தேவைப்படும்போது மட்டும் சொல்வார்.

உறவில் பிறந்த குழந்தைகள் பலர் அண்ணியின் காலில் கிடந்து குளித்தவர்கள். குளியலறைத் தரையில் ஒரு தாழ்வான பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, கால்களை நீட்டி உட்காருவார். இரண்டு காலுக்கும் நடுவில் விழும் பள்ளத்தில் குழந்தையைக் கிடத்துவார். ஹீட்டர் ஷவரிலிருந்து பெரிய பேசினில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார். குவளையில் மொண்டு முதலில் தன் பாதங்களில் ஊற்றிக்கொள்வார். பாதம் சரி என்றால்தான் குழந்தைக்கு. கால் சொல்லாத தண்ணீரைக் குழந்தைமேல் ஊற்றக்கூடாது என்பது அவருக்கு அவருடைய மாமியார் சொல்லிக்கொடுத்தது.

எனக்குக் கிளினிக்கில் இருந்த தாதி, நாங்கள் மிஸ்ஸி என்போம், வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார். முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும், சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. ஒருநாள் அதைச் சொன்னேன்.

"முழங்கையாலயா?" என்றார் அண்ணி. "உன் மிஸ்ஸி எத்தனை பெத்தா?"

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, குளியலறை வாசலில் துண்டோடு நிற்பது. நின்றேன். தினமும் நின்றேன். அதனால்தான் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகும் சமயத்தில், ஹீட்டர் சரியாகச் சுடவில்லை என்று அண்ணி சொல்லத் தொடங்கினார். எங்கள் வீட்டில் இருப்பது சுவரில் மாட்டிய சிறிய வெள்ளைப் பெட்டி. தண்ணீர் அதற்குள் புகுந்து ஓடும்போதே சூடாகி ஷவர் வழியாக வரும். கதவுக்கு வெளியே சுவிட்ச், பெட்டியில் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. அந்தத் திருகு முன்பெல்லாம் நடுவில் நிற்கும். பிறகு நாளுக்கு நாள் வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

"தொட்டா பச்சத் தண்ணி மாதிரி இருக்கு. புள்ளைக்குச் சளி புடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார்.

ஆனால் குழந்தை துண்டுக்குள் வரும்போது சிவந்திருந்தாள். நெஞ்சும் வயிறும் சிவந்து, கழுத்து மடிப்புகளில் நிறம் இன்னும் அழுத்தமாக இருந்தது. முதல் குவளை விழுந்ததும் அவள் வீறிடுவாள். மூச்சு நின்று, வாய் திறந்தபடி, சத்தம் வர ஒரு கணம் ஆகும்.

"அண்ணி, சூடா இருக்குமோ?"

"சிவந்தாத்தான் ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம். உன் நிறத்தைக் கொண்டு வந்திருக்காளே, அது கொஞ்சமாச்சும் மாறட்டும்."

குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டேன். பிறகு அறைக்குப் போய்க் குழந்தையை அமர்த்திக்கொண்டு, உண்மையிலேயே நான்தான் பயந்தவளோ என்று யோசித்தேன். பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஓர் அலுவலகத்தில் நல்ல வேலையில் இருக்கிறேன். பேறுகால விடுப்பு முடிந்து எப்போது திரும்புவேன் என்று அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு பேசின் தண்ணீர் சுடுகிறதா இல்லையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பால் கொடுக்கும்போது கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். குழந்தைகள் குளிக்கும்போது அழுவது இயல்பு என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. வேறு காரணம் இருக்கலாம் என்று இன்னொரு பக்கத்தில் போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவரை ஏணியில் ஏற்றினேன். ஹீட்டர் சுடாவிட்டால் என்ன பார்க்க வேண்டும் என்று நான் காணொளிகளில் பார்த்து வைத்திருந்தேன். வெளிச் சுவிட்சில் விளக்கு எரிந்தது. மின்கசிவு வந்தால் துண்டித்துவிடும் பொத்தானை அழுத்தினேன், விளக்கு அணைந்தது, மறுபடி அழுத்தியதும் வந்தது. அடுத்து, பெட்டிக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சிறிய சல்லடை இருக்கும், அதில் அழுக்கு அடைத்தால் தண்ணீர் வரத்துக் குறைந்து ஹீட்டர் விட்டுவிட்டு எரியும் என்று சொல்லியிருந்தார்கள். குழாயை மூடிவிட்டு அதைக் கழற்றினோம். காப்பித் தூள் போல மண் படிந்திருந்தது. பழைய பல்துலக்கியால் நான் தேய்த்துக் கழுவினேன்.

அண்ணி கதவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்டாட்டி படிச்சவ, புருஷன் ஏணி. நல்ல ஜோடி லா."

மாட்டிவிட்டுத் திறந்தோம். தண்ணீர் ஒரே சீராக வந்தது. என் கையை நீட்டினேன். சூடு. கணவரை நீட்டச் சொன்னேன்.

"சுடுதுக்கா," என்றார் அவர்.

அண்ணி உள்ளே வந்து ஷவருக்குக் கீழே ஒரு பாதத்தை நீட்டினார். சேலை ஓரம் நனைவதைக்கூடப் பொருட்படுத்தாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"இதா சுடுது?"

"சுடுதேக்கா."

"உனக்கு அம்மை போட்டப்போ ராவும் பகலும் மடியில போட்டுக்கிட்டு இருந்தேன். அப்ப எனக்குச் சூடு தெரிஞ்சுது. இப்பத்தான் தெரியல போல. தம்பி கண்ணாலம் கட்டினா அக்காவுக்கு எல்லாம் மரத்துப் போயிரும்னு எனக்கு யாரும் சொல்லல."

கணவர் மறுபடி கையை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் கொறைவாத்தான் இருக்கு," என்றார்.

அவர் கை அந்தத் தண்ணீரில் சிவந்துகொண்டிருந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஆளைக் கூப்பிடு. ரோசாக் ஆயிருக்கும், உள்ள ஏதோ கெட்டுப் போயிருக்கு," என்று எனக்குச் சொல்லிவிட்டு ஏணியை மடித்தார்.

நான்தான் ஆளைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். நம் தமிழ் ஆள்தான், தடித்த மீசை, தோளில் கருவிப் பை. மூடியைக் கழற்றினார், மீட்டரை வைத்துப் பார்த்தார், ஷவரைத் திறந்து விரலை விட்டார், உடனே எடுத்தார்.

"சுடுதே," என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "நல்லா சுடுதுண்ணே. அதைத்தான் நானும் சொல்றேன். குழந்தைக்கு இதுவே அதிகம்."

"எங்க தம்பி, என் காலுல ஊத்து," என்று அண்ணி முக்காலியில் உட்கார்ந்தார். வந்தவர் ஷவரை எடுத்து அண்ணியின் பாதத்தில் பிடித்தார். அண்ணி உதட்டைப் பிதுக்கினார். "குளத்துத் தண்ணி மாதிரி இருக்கு."

ஹீட்டர்காரர் என்னைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். யார் சொல்வது இந்த வீட்டில் நடக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மூத்தவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். தங்கச்சி ஆபீஸ்ல வேலையா?"

"ஆமாண்ணே."

"அதான். ஏர்கோன் குளிருல இருந்த கை. பேரன் பேத்தி எடுக்கறப்போ பழகிரும்."

அண்ணி சிரித்தார். ஹீட்டர்காரர் பெட்டிக்கு அடியில் இருந்த ஒரு திருகாணியை இறுக்கினார். தண்ணீர் மெதுவாகப் போனால் உள்ளே அதிக நேரம் நின்று நன்றாகச் சூடாகும் என்று விளக்கினார். ஷவர் மெலிந்து, ஆவி கிளம்பியது. சுவர்க் கண்ணாடி ஆவியில் மங்கியது.

"இது ரொம்பண்ணே. கைக்குழந்தை."

"கைக்குழந்தைன்னா பச்சத் தண்ணி கலந்துக்கங்க. இதுக்கும் ஒரு டிகிரி வேணுமா?"

அண்ணி காலை நீட்டிப் பார்த்து, "ம்ம். இப்பத்தான் வெதுவெதுன்னு இருக்கு. வேலை தெரிஞ்ச புள்ள," என்றார். மின்தூக்கி வரை நான்தான் ஹீட்டர்காரரை அனுப்பிவைத்தேன். திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தித் தரும்படி அங்கே வைத்து மெதுவாகக் கேட்டேன். "பெரியம்மாவைப் பகைச்சுக்கிட்டு நான் எதுக்கும்மா," என்று மின்தூக்கிக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார்.

இரவெல்லாம் நானே அந்தத் திருகாணியைத் திருப்பிவிடலாமா என்று யோசித்தேன். திருப்பி, பெட்டி உடைந்தால்? தண்ணீர் மின்சாரத்தில் பட்டால்? அண்ணி கண்டுபிடித்தால்? காலையில் விடிந்தபோது நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன், குளியலறையில் பேசின் நிறையும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை என்பதால் கணவர் வீட்டில் இருந்தார். வரவேற்பறையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார். நான் துண்டோடு வாசலுக்குப் போனேன். அண்ணி குழந்தையைக் காலில் கிடத்திவிட்டிருந்தார்.

"பச்சத் தண்ணி கலக்கலாம் அண்ணி."

"காலு கேக்கட்டும், கலக்கறேன்."

முதல் குவளையைத் தன் பாதங்களில் ஊற்றினார். தலையை ஆட்டினார். இரண்டாவது ஊற்றினார். பாசாரில் மீன் விலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் பாதத்தைப் பார்த்தேன். கணுக்காலுக்குக் கீழே தண்ணீர் பட்ட இடம் மட்டும் கோடு போட்டது போல சிவந்திருந்தது. மூன்றாவது குவளை. சிவப்பு இன்னும் கருமையாகியது. அவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. மீன்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது இன்னொன்று கண்முன் வந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் அண்ணி கடையிலிருந்து ஒரே காலில் செருப்போடு வீட்டுக்குள் வந்தார். மற்றது மின்தூக்கி வாசலில் கிடந்தது. கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. நாங்கள் எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். மாத்திரை சாப்பிடுவார். மாத்திரை சாப்பிட்டுவிட்டுச் சீனி போட்ட தேத்தண்ணியும் குடிப்பார்.

குவளை நான்காவது முறை நிறைந்து எழுந்தது. இந்த முறை பாதத்துக்குப் போகவில்லை. குழந்தையின் நெஞ்சுக்கு நேராக வந்தது.

நான் குறுக்கே கையை நீட்டினேன். தண்ணீர் முழுதும் என் புறங்கையில் விழுந்தது. அலறியது நான்தான். துண்டு தரையில் விழுந்து நனைந்தது. தெறித்த துளிகள் குழந்தையின் தொடையில் பட்டு அவளும் வீறிட்டாள்.

"என்னா லா நாடகம் இது?"

நான் குழந்தையைத் தூக்கப் போனேன். அண்ணி கால்களை இறுக்கிக்கொண்டார். குழந்தையின் ஒரு கை அவர் பிடியில், மறுபக்கம் என் பிடியில். எண்ணெய் தேய்த்த உடம்பு. அவள் எங்கள் இருவர் கையிலிருந்தும் வழுக்கினாள். தலை தரையில் படுவதற்குள் எப்படியோ என் மார்போடு அணைத்துவிட்டேன். அண்ணி முக்காலியிலிருந்து சரிந்து சுவரில் சாய்ந்தார்.

"தம்பி! இங்க வந்து பாரு. உன் பொண்டாட்டி என் காலுலேருந்து புள்ளையப் புடுங்கறா. என்னைத் தள்ளிட்டா."

கணவர் ஓடி வந்தார். முதலில் அக்காவைத் தூக்கி நிறுத்தினார். பிறகு என்னிடம், "கையைக் காட்டு," என்றார். காட்டினேன். தோல் பளபளவென்று சிவந்து எழும்பியிருந்தது.

"செவந்துதான் இருக்கு," என்றார். "நீ ஏன் நடுவுல கையை விட்டே?"

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்று மதியம்வரை யாரும் என்னோடு பேசவில்லை. அண்ணி தொலைபேசியில் உறவுக்காரர்களோடு பேசினார். வளர்த்த தம்பி வீட்டில் தள்ளிவிடப்பட்டதை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். பிறகு சோபாவில் கால் நீட்டி நாடகம் பார்த்தார். நான் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே தலையைத் தூக்கினேன். அவருடைய வலது பாதத்தின் மேல் ஒரு கொப்புளம், உள்ளே தண்ணீர் தளும்ப, அரை எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்தது போல நின்றது. பக்கத்தில் சிறியவை.

"அண்ணி, காலு வலிக்கலையா?"

"ஏன் வலிக்கணும்? உன் வாய்தான் வலிக்கணும்."

"ஒரு தடவை பாருங்க."

குனிந்து பார்த்தார். பூச்சி கடித்திருக்கும் என்றார். கட்டைவிரலால் அழுத்தினார். அது உடைந்து சோபா விரிப்பில் வழிந்தது. தோல் சுருங்கி ஒதுங்க, கீழே இளஞ்சிவப்புச் சதை தெரிந்தது. அவர் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரையைப் பார்க்கத் திரும்பினார்.

கணவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

கிளினிக்கில் டாக்டர் அண்ணியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நைலான் இழை போன்ற ஒன்றால் பாதத்தின் அடியில் ஓர் இடம் மாற்றி ஓர் இடம் தொடுவதாகவும், தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். பெருவிரலில் வைத்து அழுத்தினார், இழை வளைந்தது. அண்ணி பேசவில்லை. குதிகாலில் வைத்தார். அண்ணி பேசவில்லை. டாக்டர் கையை எடுத்துவிட்டு ஏதோ எழுதத் திரும்பினார்.

"இப்ப," என்றார் அண்ணி. "இப்பத் தொட்டீங்க."

யாரும் தொடவில்லை.

"இப்ப. மறுபடியும் இப்ப."

கணவர் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் படிக்கத் தொடங்கினார். டாக்டர் மெதுவாகச் சொன்னார், காலில் உணர்ச்சியே இல்லை, இது இன்று நேற்று வந்ததில்லை. அண்ணி கண்ணைத் திறந்து அவரையும் என்னையும் பார்த்தார்.

"அந்தக் கம்பி மழுங்கலா இருக்கும்," என்றார்.

புண் ஆறவில்லை. பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். சில நாட்களில் வலது காலின் சுண்டுவிரல் கறுத்துவிட்டது, எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த உறவினர்களிடம் கதை வேறு விதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. காணொளி பார்த்து ஹீட்டரைக் கழற்றியது நான். ஆளைக் கூப்பிட்டதும் நான். "படிச்ச பொண்ணு கை வச்ச ஹீட்டரு, அக்கா காலை வேக வச்சிருச்சு," என்று கணவரின் சித்தி ஒருவர் வார்டு வாசலில், என் காதில் விழும்படியே சொன்னார். என் கணவர் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

இனி குழந்தையைக் குளிப்பாட்ட நான்தான். அதற்காகத்தானே இவ்வளவும் என்று நினைத்திருந்தேன். வேறோர் ஆளைக் கூப்பிட்டுத் திருகாணியைத் தளர்த்தச் சொல்லியிருந்தேன். பேசினில் குளிர்ந்த தண்ணீரை முதலில் விட்டு, பிறகு சுடுதண்ணீர் கலந்து, இடது கையால் பார்த்தேன். வலது கையில் கட்டு இருந்தது. சூடு ஒன்றும் இல்லை. நன்றாகவே பார்த்தேன். ஷவரை மறுபடி திறந்தேன், சத்தம் கேட்டது, அவ்வளவுதான், குழந்தை வீறிட்டாள். தண்ணீர் அவள்மேல் படவே இல்லை. மூச்சு நின்று, வாய் திறந்தபடி, அதே மாதிரி.

ஷவரை மூடினேன். அமர்த்தினேன். திறந்தேன். மறுபடி அழுதாள். அவளுக்குச் சூடும் குளிரும் ஒன்றாகிவிட்டது. அந்தச் சத்தமே அவளுக்குச் சுட்டது. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

இப்போது துண்டோடு வாசலில் நிற்பது என் கணவர். அக்காவுக்குக் குழந்தையைக் காட்ட வேண்டும் என்று ஒருநாள் கைப்பேசியில் காணொளி அழைப்பைப் போட்டுச் சோப்பு வைக்கும் தட்டில் சாய்த்து வைத்தார். மருத்துவமனைத் தலையணையில் அண்ணியின் முகம் தெரிந்தது. இளைத்திருந்தார். எனக்கு ஒரு கணம் இரக்கம் வந்தது.

"அழுவுதா?" என்றார்.

"அழுவுறா அண்ணி."

"என் காலுல கெடந்தப்ப மட்டும் என்னென்னமோ சொன்னே. இப்ப உன் கையில எதுக்கு அழுவுது?"

நான் குழந்தையின் முதுகில் தண்ணீர் விட்டேன். அவள் என் மணிக்கட்டை நகத்தால் கீறினாள்.

"தண்ணி ஆறிப் போயிருக்கும்," என்றது கைப்பேசி. "தம்பி, கொஞ்சம் சூட்டைக் கூட்டு. புள்ள நடுங்குது பாரு."

என் கணவர் ஒன்றும் யோசிக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து ஹீட்டர் திருகை நோக்கிக் கையை நீட்டினார்.

கட்டுப்போட்ட கையால் அவர் கையை அடித்தேன். பலமாகவே அடித்தேன். எனக்கு வலி மண்டைக்கு ஏறியது. அவர் கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு கைப்பேசியைப் பார்த்தார். "என்னா தம்பி, என்னா சத்தம்?" என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் திருகைத் தொடவில்லை. நான் குழந்தையின் தலைக்கு அடுத்த குவளையை ஊற்றினேன், அவள் அழுதுகொண்டே இருந்தாள்.